மருந்து தேடும் முன் செடியை அறுத்துப் பாருங்கள்

வீட்டுத் தோட்டம் போடுபவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. செடி வாடினாலும் சரி, இலை சுருண்டாலும் சரி, முதலில் வரும் கேள்வி "இதுக்கு என்ன மருந்து அடிக்கலாம்?" என்பதுதான். என்ன கோளாறு என்றே தெரியாதபோது மருந்து மட்டும் எப்படித் தெரியும்? பல வருடங்களாகக் கொல்லைப்புறத்தில் காய்கறிகளும் சில பழ மரங்களும் வளர்த்து வருகிறேன். செடிக்கு வரும் தொல்லைகளில் பெரும்பாலானவற்றை ஒரு கத்தியும் ஒரு கண்ணாடி டம்ளரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். கண்டுபிடித்த பிறகு பாதி நேரம் மருந்தே தேவைப்படாது. மீதி நேரத்தில் பலமுறை எந்த மருந்தும் உதவாது என்று தெரியவரும். அதுவும் லாபம்தான், காசும் அலைச்சலும் மிச்சம்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் காலையில் மதில் ஓரமாக வந்து நின்று, "தம்பி, நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா இருந்த தக்காளிச் செடி இன்னைக்குத் தொங்கிப் போச்சு. தண்ணி பத்தலையோன்னு ரெண்டு குடம் ஊத்திட்டேன்" என்றார். போய்ப் பார்த்தால் செடி முழுவதும் வாடியிருந்தது. ஆனால் இலை ஒன்றுகூட மஞ்சளாகவில்லை, பச்சை நிறம் அப்படியே இருந்தது. மண்ணில் ஈரமும் இருந்தது. செடியைப் பிடுங்கி, தரையை ஒட்டிய தண்டில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டு நறுக்கி, டம்ளரில் தண்ணீர் ஊற்றி, துண்டின் அடிமுனை தண்ணீரில் முங்கும்படி பிடித்துக்கொண்டோம். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய இழைகள் கீழ்நோக்கி இறங்கத் தொடங்கின. தண்ணீர் கலங்கும்வரை அக்கா கண்ணெடுக்கவே இல்லை.

அது பாக்டீரியா வாடல் நோய். தண்டுக்குள் தண்ணீர் ஏறும் குழாய்களில் கிருமி பெருகி வழியை அடைத்துவிடும். மண் ஈரமாக இருந்தும் செடி தாகத்தில் வாடுவது அதனால்தான். இதற்குக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. செடியை வேரோடு பிடுங்கித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் அழித்துவிட வேண்டும், மட்குக் குழியில் போடக் கூடாது. வெட்டிய கத்தியைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த செடியைத் தொட வேண்டும். கிருமி மண்ணில் வருடக்கணக்கில் தங்கும். அந்த இடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நான்கையும் சில வருடங்களுக்கு மறந்துவிட வேண்டியதுதான். நான்கும் ஒரே குடும்பம், ஒன்றைத் தாக்குவது மற்றதையும் தாக்கும். அவரை, வெண்டை, சோளம் என்று வேறு குடும்பத்துக்கு மாறிக்கொள்ளலாம். கத்தரி இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சுண்டைச் செடியின் வேர்ப்பகுதியில் கத்தரியை ஒட்டுக்கட்டிய கன்றுகள் இந்த நோயை நன்றாகத் தாங்கும்.

டம்ளரில் பால் இறங்கவில்லை என்றால் வேறு காரணம் பார்க்க வேண்டும். அடி இலைகள் முதலில் மஞ்சளாகி, பெரும்பாலும் செடியின் ஒரு பக்கம் மட்டும் வாடத் தொடங்கினால் அது பூஞ்சணத்தின் வேலை. தண்டை நெடுக்காகப் பிளந்தால் பட்டைக்கு உட்புறம் பழுப்புக் கோடு ஓடியிருக்கும். தண்டில் ஒன்றும் இல்லை, ஆனால் செடி குட்டையாக, வெளிறி, வெயில் ஏறியதும் தளர்ந்துபோகிறது என்றால் வேரைக் கழுவிப் பாருங்கள். வேர் முழுக்க முண்டு முண்டாக வீங்கியிருந்தால் நூற்புழு, அதாவது மண்ணில் வாழ்ந்து வேரைத் தாக்கும், கண்ணுக்குத் தெரியாத சிறு புழு.

இந்த இடத்தில் ஒரு குழப்பம் வரும். அவரை, தட்டைப்பயறு போன்றவற்றின் வேரிலும் முண்டுகள் இருக்கும், ஆனால் அவை நல்லவை. வித்தியாசம் கைக்கே தெரியும். பயறுச் செடியின் முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், நகத்தால் லேசாகத் தள்ளினால் உதிர்ந்துவிடும். நூற்புழு வீக்கம் வேரே பருத்தது என்பதால் தனியாகக் கழன்று வராது. உதிர்ந்த முடிச்சை நகத்தால் இரண்டாகக் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அதற்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள், அந்தப் பாத்திக்குத் தழைச்சத்து தனியாகப் போட வேண்டியதில்லை. உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இன்னும் வேலை தொடங்கவில்லை, அல்லது வேலை முடிந்துவிட்டது.

நூற்புழுவுக்குச் செண்டுமல்லி நடச் சொல்வார்கள். உண்மைதான், அதன் வேரிலிருந்து வரும் பொருள் நூற்புழுவைக் கட்டுப்படுத்தும். ஆனால் தக்காளிக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாக நட்டால் பார்க்க அழகாக இருக்குமே தவிர பெரிய பலன் இருக்காது. பாதித்த பாத்தி முழுவதும் நெருக்கமாகச் செண்டுமல்லியை மட்டும் இரண்டு மூன்று மாதம் வளர்த்து, பிறகு அதையே மண்ணோடு கொத்திப் புரட்டிவிட வேண்டும்.

வெயிலையும் மண்ணையும் பற்றி எல்லோரும் நிறையச் சொல்லியிருப்பார்கள், நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காய்க்கும் செடிகளுக்கு ஒரு நாளில் குறைந்தது 6 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும், 8 மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. கீரைகள் 3, 4 மணி நேர வெயிலிலேயே சமாளித்துக்கொள்ளும். காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் ஒரே இடத்தில் நின்று போனில் படம் எடுத்து வைத்தால் நிழல் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். சூரியன் போகும் பாதை பருவத்துக்குப் பருவம் நகரும் என்பதால் சில மாதம் கழித்து இன்னொரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். மண்ணுக்கு ஒரு கண்ணாடி பாட்டில் போதும். மூன்றில் ஒரு பங்கு மண், மேலே தண்ணீர், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி அசையாமல் வைத்துவிடுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். அதற்குமேல் இரண்டு மணி நேரத்தில் படிவது வண்டல். ஒரு நாள் கழித்தும் இறங்கிக்கொண்டிருப்பது களி. மணல் அதிகமானால் தண்ணீரும் சத்தும் ஓடிவிடும், களி அதிகமானால் வேர் மூச்சுத் திணறும். இரண்டுக்குமே மருந்து நன்றாக மட்கிய எருதான். களிமண்ணில் மணலைக் கொட்டிச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. கொஞ்சமாகக் கலந்தால் மண் இன்னும் கெட்டியாகத்தான் இறுகும்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். தக்காளிக் காயின் அடிப்பக்கம் கறுத்து, அமுங்கி, தோல் காய்ந்ததுபோல் ஆவதை நிறையப் பேர் பார்த்திருப்பார்கள். சுண்ணாம்புச்சத்துக் குறைவு என்று சொல்லி முட்டை ஓட்டை நுணுக்கிப் போடுவார்கள். காயில் சுண்ணாம்புச்சத்து குறைந்திருப்பது நிஜம். ஆனால் பெரும்பாலான தோட்டங்களில் மண்ணில் அது இருக்கத்தான் செய்கிறது, காய்க்குப் போய்ச் சேருவதில்லை. அந்தச் சத்து தண்ணீரோடுதான் மேலே ஏறும். இலைகள் வெயிலில் நிறைய நீரை ஆவியாக்குவதால் ஏறிவரும் தண்ணீரில் பெரும்பங்கை அவையே இழுத்துக்கொள்ளும். காய்க்கு வருவது மிச்சம் மீதி. இரண்டு நாள் காயவிட்டு மூன்றாம் நாள் குளமாக்கினால் அந்த மிச்சமும் தடைப்படும். முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கு ஆகும், அதற்குள் செடியே முடிந்துவிடும். சீராகத் தண்ணீர் விட்டு, செடியைச் சுற்றிக் காய்ந்த இலை தழையை நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் போட்டால் அடுத்து வரும் காய்கள் நன்றாக வரும். மூடாக்கு தண்டைத் தொடக் கூடாது, தொட்டால் தண்டு அழுகும். மாதுளை வெடிப்பதும் தக்காளித் தோல் பிளப்பதும்கூடப் பெரும்பாலும் இந்தக் காய்ச்சலும் பாய்ச்சலுமான தண்ணீரால்தான்.

எவ்வளவு விட வேண்டும் என்பதற்குக் கணக்கு எதுவும் சொல்ல மாட்டேன். ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் இன்றைக்கு வேண்டாம். தட்டுப்படாவிட்டால் தண்ணீர் ஆழமாக இறங்கும்வரை நிதானமாக விடுங்கள். தினமும் மேலாகத் தெளிப்பதில் வேர் மேலேயே தங்கிவிடும், ஒருநாள் விட்டுப்போனால் செடி தாங்காது. அப்புறம், பூசணி, சுரை போன்ற அகல இலைக் கொடிகள் உச்சி வெயிலில் தொங்குவது சகஜம். மாலையில் நிமிர்ந்துவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம். காலையிலேயே தொங்கினால்தான் விரலை மண்ணில் வைக்க வேண்டும்.

கொடிகளில் எனக்கு வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான். பூ பூவாகப் பூக்கிறது, பிஞ்சு நிற்கவில்லை. பூவின் அடியைப் பார்த்தால் பாதி விடை அங்கேயே இருக்கும். மெல்லிய காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. பூவுக்குக் கீழே அந்தக் காயின் உருவத்திலேயே ஒரு குட்டிப் பிஞ்சு இருந்தால் பெண் பூ. தொடக்கத்தில் பல நாட்களுக்கு ஆண் பூக்களே வந்து உதிரும், அது நோயில்லை. பெண் பூ வந்தும் பிஞ்சு மஞ்சளாகிக் கருகினால் மகரந்தம் சேரவில்லை என்று அர்த்தம். அப்போது நாமே கை கொடுக்கலாம். ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுவிலிருக்கும் மகரந்தத் தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிட வேண்டும். நான்கைந்து நாளில் பிஞ்சு பருக்கத் தொடங்கினால் பிடித்துவிட்டது.

இதில் பலரும் கோட்டை விடுவது நேரத்தில். பூசணி விடியற்காலையில் மலர்ந்து வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். பாகலும் வெள்ளரியும் காலைப் பூக்கள். சுரைக்காயும் பீர்க்கங்காயும் மாலையில்தான் மலரும். காலையில் எழுந்து சுரைப் பூவைத் தேடினால் வாடிய பூதான் கையில் கிடைக்கும். பொழுது சாயும் வேளையில் போனால் வெள்ளை வெளேரென்று விரிந்திருக்கும், தொட்டால் மகரந்தம் விரலில் ஒட்டும். பெண் பூவே அதிகம் வரவில்லை என்றால் சுரைக்கொடியின் நுனியை ஆளுயரம் வந்ததும் கிள்ளிவிடுங்கள். பக்கக் கொடிகள் கிளம்பும், பெண் பூக்கள் அவற்றில்தான் கூடுதலாக வரும்.

சுரைக்காய் பற்றி இன்னொன்று, இது முக்கியம். நறுக்கும்போது ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் உடனே துப்பிவிட்டு முழுக் காயையும் தூக்கி எறிந்துவிட வேண்டும். அந்தக் கசப்பு நச்சுப்பொருள், சமைத்தாலும் போகாது, ஆளை மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும். சாறாகக் குடிப்பது இன்னும் ஆபத்து. குப்பையில் தானாக முளைத்த கொடியின் காய் என்றால் கூடுதல் கவனம் வேண்டும்.

தக்காளிக்கு ஆண் பூ, பெண் பூ என்ற பிரிவு இல்லை, ஒரே பூவில் இரண்டும் உண்டு. காற்றில் ஆடினாலே போதும். காற்றோட்டம் குறைந்த மூலையில் இருக்கும் செடியைக் காலை வெயில் வந்த பிறகு பூங்கொத்தின் காம்பில் விரலால் லேசாகச் சுண்டிவிடுவேன். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருக்கும் நாட்களில் எதைச் செய்தாலும் தக்காளிப் பூ கொட்டத்தான் செய்யும். அப்போது நிழல்வலை கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும், உரம் போடக் கூடாது. தழைச்சத்து அதிகமான செடி கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கும், பூக்க மறந்துவிடும்.

பூச்சிக்கு வருவோம். செடியின் சாற்றை உறிஞ்சும் குட்டிப் பூச்சியான அசுவினி மொய்த்த தளிரைத் திருப்பிப் பார்த்தால், கருப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு, குட்டி முதலை மாதிரி ஒன்று ஊர்ந்துகொண்டிருக்கும். அதன் அவலட்சணத்தைப் பார்த்து நசுக்கிவிடுபவர்கள்தான் அதிகம். அது பொறிவண்டின் குஞ்சு. அழகான சிவப்பு வண்டாக மாறுவதற்கு முன் அசுவினியைத் தின்று தீர்க்கும் பருவம் அதுதான். அசுவினிகளுக்கு நடுவே சில மட்டும் உப்பி, பழுப்பு நிறத்தில் அசையாமல் ஒட்டியிருந்தால் அவற்றுக்குள் குட்டிக் குளவி முட்டையிட்டிருக்கிறது. இந்த இரண்டில் எது கண்ணில் பட்டாலும் நான் தெளிப்பானைத் திரும்ப வைத்துவிடுவேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் போதும்.

மாவுப்பூச்சி என்றால் முதலில் எறும்பைத் தேடுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், எதிரிப் பூச்சிகளை அண்ட விடாது. எறும்பு ஏறும் வழியை அடைத்துவிட்டால், அதாவது தண்டில் ஒரு பட்டையைச் சுற்றி அதன்மேல் பிசுபிசுப்பானதைத் தடவி, சுவரைத் தொடும் கிளையையும் வெட்டிவிட்டால், பாதி வேலை முடிந்தது. மீதியைத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தே கழுவிவிடலாம். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கரைவதற்குச் சில சொட்டு சோப்புக் கரைசல். வெயில் இறங்கிய பிறகு, இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிக்க வேண்டும். பகல் வெயிலில் அடித்தால் இலை கருகும், மருந்தின் வீரியமும் சீக்கிரம் போய்விடும்.

எலுமிச்சைக் கன்றின் இளம் இலையில் பறவை எச்சம் போல ஏதாவது ஒட்டியிருந்தால் குச்சியால் தொட்டுப் பாருங்கள். தலைப்பக்கத்திலிருந்து ஒரு சிறு கொம்பு சட்டென நீண்டு, ஒரு நெடி அடித்தால் அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. வளர்ந்ததும் பச்சையாகி இலையோடு கலந்துவிடும், அப்போது கண்டுபிடிப்பது சிரமம். சின்னக் கன்றை இரண்டே நாளில் மொட்டையடித்துவிடும் என்பதால் கையால் எடுத்துவிட வேண்டும். பெரிய மரமென்றால் நான் விட்டுவிடுவேன். வண்ணத்துப்பூச்சியும் தோட்டத்துக்கு வேண்டும்தானே.

வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகி வலைபோல் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ். அந்தச் செடி இனி தேறாது. தயங்காமல் பிடுங்கினால் பக்கத்துச் செடிகள் பிழைக்க வாய்ப்பு உண்டு.

பழ மரங்களில் பப்பாளிதான் சீக்கிரம் பலன் தருவது, சீக்கிரம் ஏமாற்றுவதும் அதுதான். விதையிலிருந்து வரும் கன்று ஆணா, பெண்ணா, இருபாலா என்று பூக்கும்வரை தெரியாது. ஒரு குழியில் மூன்று கன்றுகளை நட்டு, பூத்தபின் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். நீளக் காம்பில் கொத்தாகத் தொங்கும் பூக்கள் ஆண். தண்டை ஒட்டி, அடி உருண்டையாக இருந்தால் பெண். தோட்டத்தில் ஒரே மரத்துக்குத்தான் இடம் என்றால் இருபால் மரத்தை வைத்துக்கொள்ளுங்கள், காய் நீளவாக்கில் வரும். பப்பாளி வேர் தேங்கும் தண்ணீரை இரண்டு நாள்கூடத் தாங்காது. மேட்டுப்பாத்தியில்தான் நட வேண்டும்.

கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும். அறுவடை முடிந்ததும் கிளை நுனிகளைக் கவாத்து செய்தால் தளிரும் பூவும் சேர்ந்து வரும். நேராக வானத்தைப் பார்த்து வளரும் கிளையை வளைத்துக் கயிற்றால் கீழே இழுத்துக் கட்டினாலும் பக்கத் தளிர்கள் கிளம்பிப் பூக்கும். வெட்ட மனசு வராதவர்களுக்கு இது தோதானது. பழத்துக்குள் புழு இருந்தால் அது பழ ஈ வைத்த முட்டையிலிருந்து வந்தது. உள்ளே போன புழுவை எந்தத் தெளிப்பும் தொடாது. காய் எலுமிச்சை அளவு வந்ததும் காகிதப் பை கட்டிவிடுவதும், விழுந்த பழங்களை அன்றன்றே பொறுக்கிக் கட்டிப் போடுவதும்தான் வழி. ஆண் பழ ஈக்களை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வாங்குவதாக இருந்தால் உள்ளே என்ன வாசனைப் பொருள் என்று கேட்டு வாங்குங்கள். கொய்யா, மாம்பழத்துக்கு மெத்தில் யூஜினால், பாகல், பீர்க்கங்காய்க்கு கியூலூர். மாற்றி வைத்தால் ஈ வராது, பொறி சும்மா தொங்கும்.

மரங்களை எங்கே நடுவது என்பதை மட்டும் முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும். காய்கறிப் பாத்தியை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மரம் வளர்ந்து நிழல் விழத் தொடங்கினால், அந்த இடம் கீரைக்கும் இஞ்சிக்கும் மஞ்சளுக்கும்தான்.

வெண்டை, கொத்தவரை, வெள்ளரி இவற்றை முற்றவிடாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் பறியுங்கள். ஒரு காய் முற்றி விதை பிடித்துவிட்டாலே செடி புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும். விதை எடுக்க விரும்பினால் நல்ல செடியில் நல்ல காய் ஒன்றிரண்டை ஒதுக்கி, செடி ஓய்ந்துவரும் நேரத்தில் முற்றவிடலாம். ஹைப்ரிட் செடியின் விதையில் தாய்ச்செடியின் குணம் அப்படியே வராது, நாட்டு ரகத்தில்தான் இது சரிப்படும். விதைக்கு விட்ட காயின் காம்பில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி, வீட்டில் எல்லோரிடமும் சொல்லியும் வையுங்கள். இல்லையென்றால் யாராவது ஆசையாகப் பறித்துக் கொண்டுவந்து கையில் கொடுப்பார்கள்.